பேலியகொடைக்கு அப்பால்

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் என்று கேட்டால் மூன்று ஹியூபேட்டுகளைக் காட்டுவார்கள். ஊர் சுற்றுகிற ஹியூபேட் என்று கேட்டால்தான் நம்முடைய ஆள் அகப்படுவார். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவருடைய பயணக் கட்டுரை வந்துவிடும். மடு, தலவில், மன்னார், கற்பிட்டி, சிலாபம், பாஷையூர் என்று வேதக்காரரின் கால் பட்ட ஊர் ஒன்றையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. அவரைப் பயண இலக்கியத்தில் சேர்ப்பதா, மண்வாசனையில் சேர்ப்பதா என்று விமர்சகர்கள் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டார்கள். இரண்டிலும் சேர்க்க முடியாது என்று தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி ஐறீன்.

ஏனென்றால் ஹியூபேட் தம் வாழ்நாளில் போன ஆகத் தூரமான இடம், இரண்டு மைல் தள்ளியிருக்கிற பேலியகொடை.

ஐம்பத்தோராம் ஆண்டு, கலியாணம் முடித்த கையோடு, ஐறீன் அவரைத் தலவில் அன்னம்மாள் பெருநாளுக்கு யாத்திரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். களனிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மனுஷனின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பேலியகொடையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வேலியோரம் குந்தியிருந்து, காலையில் சாப்பிட்ட பாணையும் சம்பலையும் ஒன்று விடாமல் வெளியே எடுத்தார். பிறகு லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ போயிட்டு வா ஐறீன். அன்னம்மாளிட்ட எனக்காகவும் மண்டாடு" என்று சொல்லிவிட்டு நடந்தே வீடு திரும்பினார். அதற்குப் பிறகு பஸ், ரயில், மொறிஸ் மைனர் கார் எதிலும் அவர் ஏறவில்லை. துறைமுகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்ததால் சோற்றுக்குப் பங்கம் வரவில்லை. ஒரே மகள் இமெல்டா வத்தளையில் வாழ்க்கைப்பட்டாள். வத்தளை பேலியகொடைக்கு அந்தப் பக்கம். ஆகவே தகப்பன் மகள் வீட்டுப் படியை மிதித்ததே இல்லை.

ஐறீனுக்கோ கால் வீட்டில் தரிக்காது. அவர்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து புறப்படுகிற யாத்திரை பஸ்கள் எல்லாம் அவள் பொறுப்புத்தான். யார் யன்னலோரம் இருப்பது, யாருக்கு வயிற்றுக்கோளாறு, எந்தக் கிழவியை எந்தக் கிழவிக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெருநாள் இல்லாத மாதங்களில் மன்னாரில் ஒரு செத்தவீடு வரும், பாஷையூரில் ஒரு ஞானஸ்நானம் வரும். பன் புல்லில் பின்னிய பையில் இரண்டு சேலையை மடித்துப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். நாலாம் நாள், வெயிலில் கறுத்து, கருவாட்டு மணத்தோடு திரும்பி வந்து, மீனை வெட்டிக்கொண்டே போன கதையெல்லாம் சொல்லுவாள்.

அறுபத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலவிலைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரையை ஹியூபேட் பத்திரிகையிலிருந்து சத்தமாக வாசித்தார். ஐறீன் மீன் வெட்டிய கத்தியை நிறுத்தினாள்.

"இவன் தலவிலுக்குப் போகவே இல்ல" என்றாள். "போனவனெண்டா மணலைப் பற்றி எழுதாம விடுவானா? மத்தியானத்தில செருப்பில்லாமக் கால் வைக்க ஏலாது. சோத்தைப் போட்டா அதுக்குள்ள மணல், பாயை விரிச்சா அதுக்குள்ள மணல். வீட்டுக்கு வந்து ஒரு கிழமையா காதுக்குள்ள மணல். அன்னம்மாள் ஆளைப் பாத்துத்தான் வரம் குடுப்பா, மணலை மட்டும் எல்லாருக்கும் குடுப்பா."

ஹியூபேட் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பழைய சரக்குத் தாளொன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலைக் கூராக்கினார். "திரும்பச் சொல்லு" என்றார்.

அவருக்கு இது பழகிய வேலை. கப்பலடியில் ஒருவன் நின்று "மா நூறு, சீனி அம்பது" என்று கூவுவான். கிளாக்கர் அதை அப்படியே எழுதுவார். மூட்டையைத் தொட்டுப் பார்ப்பதுமில்லை, தூக்கிப் பார்ப்பதுமில்லை. கூவினதை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால் ஒரு கப்பல் சரக்கு அவர் பொறுப்பில் இறங்கியதாகக் கணக்கு. ஐறீன் சொன்னதையும் அப்படியே எழுதினார். அவள் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே எழுதினார். கீழே 'கொட்டாஞ்சேனை ஹியூபேட்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு அது அச்சில் வந்தது. ஐறீன் மூன்று தடவை வாசித்தாள். தன் வாயால் வந்த சொல் பத்திரிகையில் கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் புல்லரித்தது. பிறகுதான் கேட்டாள்.

"என்ட பேர் எங்க?"

"சரக்கைக் கூவுறவன் கையெழுத்துப் போடுறதில்ல ஐறீன். எழுதுறவன்தான் போடுறது" என்றார் ஹியூபேட். அவள் முகம் விழுந்ததைப் பார்த்து, "இது பேப்பர்தானே, நாளைக்குக் கடலை சுத்துவாங்க. புத்தகமா வரட்டும். அதில உன்ட பேரை வடிவாப் போடுறன்" என்றார்.

அந்தச் சொல்லை நம்பி ஐறீன் பதினொரு வருஷம் காத்திருந்தாள். மாலை மரியாதை ஒன்றும் அவளுக்கு வேண்டியதில்லை. இந்த ஊர்களுக்கெல்லாம் போய் வந்தவள் இவள்தான் என்று அச்சில் ஒரே ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. ஒழுங்கையில் பக்கத்து வீட்டு றோஸி முதற்கொண்டு எல்லோரும், "உங்கட மனுசன் எங்கெல்லாம் போயிருக்கிறார் அக்கா!" என்று கேட்கும்போது அவள் "ஓம், ஓம்" என்று சிரித்துவிட்டுப் போவாள். ஹியூபேட் மாலையில் துறைமுகத்திலிருந்து திரும்பி வருவதை அந்தச் சனம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அச்சில் வந்ததற்கு முன்னால் கண்ணால் கண்டது எம்மாத்திரம்?

இதில் பெரிய கூத்து என்னவென்றால், போகப் போக ஹியூபேட்டே அதை நம்பத் தொடங்கியதுதான். ஒரு நாள் மடுவுக்குப் போகும் காட்டுப் பாதையைப் பற்றி இமெல்டாவுக்கு ஐறீன் சொல்லிக்கொண்டிருந்தாள். சாய்மனைக் கதிரையில் இருந்த ஹியூபேட் இடையில் புகுந்து, "அந்தப் பாலை மரம் வலப் பக்கம் இல்ல, இடப் பக்கம்" என்றார்.

"நான் அதுக்குக் கீழ படுத்து எழும்பினனான்" என்றாள் ஐறீன்.

"நான் எழுதியிருக்கிறன்" என்றார் ஹியூபேட். எழுந்து போய்ப் பத்திரிகைத் துண்டை எடுத்து வந்து காட்டவும் செய்தார்.

அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக விடாத எழுபத்து மூன்று, நாலு காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரு தடை போட்டுப் பஸ்களைக் குடைந்தார்கள். மன்னாரிலிருந்து வந்த பஸ்ஸில் ஐறீன் அந்தோனியார் சுரூபப் பெட்டிக்கு அடியில் ஆறு கொத்து அரிசி வைத்திருந்தாள். பொலிஸ்காரன் பெட்டியில் கை வைத்ததும், "மல்லி, சுரூபே அல்லன்ன எப்பா!" என்று சிங்களத்தில் ஒரு அதட்டுப் போட்டாள். தம்பி, சுரூபத்தைத் தொடாதே என்று கேட்டதும், சிலாபத்துக் கத்தோலிக்கப் பொடியன் போலிருக்கிறது, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஹியூபேட்டிடம் சொன்னாள். கட்டுரையில் பார்த்தால், பொலிஸ்காரனைத் தன் கம்பீரமான பார்வையாலேயே விரட்டியது ஹியூபேட். அந்த அரிசியில் வடித்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் அவர் அதை எழுதினார்.

எழுபத்தைந்தில் புத்தகம் வருவதாக முடிவாயிற்று. தலைப்பு 'என் கால் பட்ட மண்'. மருதானையில் ராசிக் என்பவரின் அச்சகத்தில் வேலை நடந்தது. மருதானைக்குப் பஸ் ஏற வேண்டும். ஆகவே கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனதும் புரூப்பைக் கொண்டு திரும்பியதும் ஐறீன்தான். கடைசிப் புரூப்பை அங்கேயே இருந்து பார்த்துக் கொடுத்துவிட்டு வரும்படி ஹியூபேட் சொல்லியனுப்பினார்.

ராசிக் நானா எழுத்துக் கோத்துக் கோத்துக் கண் பழுதான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேட்டாக் கோவிக்க வாணாம். மடுக் கட்டுரையில மிஸ்டர் ஹியூபேட் பொம்பளைகள்ட கெணத்தடியில, நெஞ்சுக்குக் குறுக்கால துணியக் கட்டிக்கிட்டுக் குளிச்சு, கூந்தல ஒணத்துறாரே. அது சரிதானா?"

ஐறீன் வாங்கிப் பார்த்தாள். அவள் சொன்னது சொன்னபடியே கிடந்தது. கூவினதை எழுதுகிற கிளாக்கர் ஒரு துணியைக்கூட விடவில்லை. பத்திரிகையில் வந்தபோதும் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறுப்பு மை படிந்த அந்த அச்சகத்தில் இருந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இருக்கட்டும் நானா" என்றாள். "அது பிழையில்ல."

பிறகு ராசிக் நானா முதல் பக்கங்களை நீட்டினார். அதில் சமர்ப்பணம் இருந்தது. அதை மட்டும் ஹியூபேட் கவரில் ஒட்டித் தனியாக அனுப்பியிருந்தார். 'நான் ஊர் ஊராய் அலைந்த காலமெல்லாம், வாசற்படி தாண்டாமல் என் வீட்டைக் காத்திருந்த என் அன்பு மனைவி ஐறீனுக்கு.'

ஐறீன் அதைப் பார்த்தபடி இருந்தாள். பதினொரு வருஷம் காத்திருந்த வரி இதுதான்.

"பேரு பிழையாத் தங்கச்சி?" என்று கேட்டார் ராசிக் நானா.

"இல்ல நானா. பேர் சரி."

அவர் தாளை வாங்கி வாசித்துப் பார்த்தார். "வாசப்படி தாண்டாத மனிசியெண்டா, முந்தின புரூப்பெல்லாம் ஆரு தங்கச்சி கொண்டு வந்தது?" என்றார். பென்சிலை அவள் பக்கம் தள்ளி வைத்தார். "இப்பவே திருத்துங்க. மெசினில ஏத்தினா ஏத்தினதுதான்."

ஐறீன் பென்சிலை எடுத்தாள். எடுத்துவிட்டு வைத்தாள். களவாகத் தானே எழுதிப் போட்டால் அது அவர் போட்டதாகுமா? சொன்ன வாக்கு அவருடையது. அவர் கையால் வர வேண்டும். புரூப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் ஹியூபேட் ஆவலோடு காத்திருந்தார். "முதல் பக்கம் பாத்தியா? எழுதேக்க நான் அழுதிட்டன் ஐறீன்" என்றார். சொல்லும்போதே மறுபடியும் கண் கலங்கியது. அது பொய்யழுகை இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எங்க அலைஞ்சனீங்க?"

"எழுத்தாளன் எண்டவன் மனசால அலையிறவன்."

"அப்ப என்ட கால்?"

ஹியூபேட், கப்பலடியில் இரண்டு பேருக்கு வழக்குத் தீர்க்கிறவரைப் போல நிதானமாகச் சொன்னார். "கால் உன்னது. பயணம் என்னது."

சமர்ப்பணம் அப்படியே அச்சேறியது.

கொட்டாஞ்சேனையில் இருந்து எத்தனை புத்தகமும் எழுதலாம். ஆனால் எழுத்தாளன் என்று பெயர் எடுக்க வெள்ளவத்தைக்குத்தான் போக வேண்டும். மண்டபம் அங்கே, விமர்சகர்கள் அங்கே, வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் இருக்கிற ஆட்கள் எல்லோரும் அங்கே. ஞாயிறு காலை பத்து மணிக்கு விழா. கோட்டும் சப்பாத்துமாக, குமட்டலை அடக்கக் கையில் ஒரு தேசிக்காயை முகர்ந்துகொண்டு, இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு ஹியூபேட் பஸ்ஸில் ஏறினார். பஸ் புறக்கோட்டையை எட்டவில்லை, தேசிக்காய் தோற்றுவிட்டது. இறங்கி ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ போ ஐறீன். சமாளி. நான் ஆறுதலா நடந்து வாறன்" என்றார். வெள்ளவத்தைப் பக்கமாக அல்ல, வீட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே அதைச் சொன்னார். ஐறீன் ஐம்பது புத்தகம் கொண்ட கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு மேலே போனாள்.

மண்டபத்தில் அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நம் எழுத்தாளர் வழமை போல எங்கோ பயணத்தில் இருக்கிறார்" என்றார். சபை ரசித்துக் கை தட்டியது. உண்மையில் அந்த நேரம் ஹியூபேட் கொட்டாஞ்சேனையில், நனைத்த துவாயை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஆய்வுரை செய்ய வந்த விரிவுரையாளர் நல்ல படிப்பாளி. புத்தகத்தை முழுதாக வாசித்திருந்தார். மடுக் கிணற்றடியை எடுத்து, கூந்தல் உலர்த்தும் பத்தியைக் குரலை இறக்கி வாசித்தார். "பாருங்கள்! இங்கே ஓர் ஆண், பெண்ணாகவே ஆகிவிடுகிறான். கூடு விட்டுக் கூடு பாய்கிற எழுத்து இது. நமது பயண இலக்கியத்தில் இதற்கு முன் இப்படி யார் துணிந்தார்கள்?" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

ஏற்புரைக்கு ஆள் இல்லாததால் தலைவர் ஐறீனை அழைத்தார். "வாசற்படி தாண்டாத அந்த அம்மையார் இன்று முதன்முறையாக நம் மேடைக்கு வந்திருக்கிறார்" என்றார். யாரோ ஒரு பொன்னாடையை அவள் தோளில் போட்டார்கள். தோளில் புத்தகக் கட்டுத் தூக்கிய வலி இன்னும் இருந்தது.

ஐறீன் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். மேடை அவளுக்குப் புதிது. சனத்துக்கு முன்னால் நின்று பேசுவது புதிதல்ல, பஸ் நிறைந்த சனத்தை அடக்கியவள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றாள். "ஒரு விசயம் மட்டும் சொல்லத்தான் வேணும். அந்தக் கிணத்தில குளிச்சது நான். தலவில் மணலில நடந்தது நான். மன்னாருக்கும் பாஷையூருக்கும் போனது நான். பொலிஸ்காரனை அதட்டினதும் நான். அவர் பேலியகொடைக்கு அங்கால போனதில்ல. நான் வந்து சொல்லுவன், அவர் எழுதுவார். அவ்வளவுதான்."

ஐயோ பாவம், அந்த மனுஷனை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேனே என்றுகூட ஐறீனுக்கு ஒரு எண்ணம் ஓடியது. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பின்வரிசை வரைக்கும் போய், கைதட்டலாகத் திரும்பி வந்தது.

தலைவர் எழுந்து நின்றார். "ஈருடல் ஓருயிர் என்பது இதுதான்! அவர் நடந்த பாதையெல்லாம் தான் நடந்த பாதையாகவே எண்ணுகிறார் இந்த அம்மா. இதைவிட ஒரு விமர்சனம் வேண்டுமா?"

"இல்ல, மெய்யாத்தான் சொல்றன்" என்றாள் ஐறீன்.

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். விரிவுரையாளர் அந்த வசனத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இறங்கி வரும்போது ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அவள் கையைப் பிடித்து, "எவ்வளவு வடிவாப் பகிடி கதைக்கிறீங்கள்!" என்றாள். உண்மையை இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லியும் அது ஒருவர் காதிலும் ஏறாத அந்தக் கொடுமையை ஐறீன் பொன்னாடையோடு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஹியூபேட் தேறியிருந்தார். பிளேன்ரீ குடித்துக்கொண்டு, பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்திருந்தார்.

"ஏற்புரை ஆர் சொன்னது?"

"நான்."

"நீயா? என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னனான். நீங்க ஒரு ஊருக்கும் போகேல்ல, எல்லாம் நான் போனது எண்டு."

ஹியூபேட்டின் கோப்பையிலிருந்து பிளேன்ரீ அவர் கட்டியிருந்த சாரத்தில் சிந்தியது. "சனம் என்ன செய்தது?"

"கை தட்டினது."

மனுஷனுக்கு மூச்சு வந்தது. முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்துக் கூரைத் தடவிப் பார்த்தார். "எப்பிடிச் சொன்னனீ? அந்த வசனத்தை அப்பிடியே ஒருக்காச் சொல்லு. ரெண்டாம் பதிப்பில முன்னுரைக்கு எடுப்பம்" என்றார்.

ஐறீன் அவரையே பார்த்தாள். இருபத்து நாலு வருஷமாகப் பார்த்த முகம். அதில் சூது வாது ஒன்றும் இல்லை. சரக்கு வந்து இறங்கும் என்று காத்திருக்கிற முகம். அவள் பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு மீன் வெட்டப் போனாள்.

ஆடியில் தலவில் பெருநாள் வந்தது. ஐறீன் போனாள், நாலாம் நாள் வந்தாள். ஹியூபேட் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"சொல்லு."

"நல்லா இருந்தது."

"கடல்?"

"இருந்தது."

"சனம்?"

"அதுவும் இருந்தது."

அவர் மூன்று நாள் கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார், கோபித்தார், ஒரு நேரம் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். அவளுக்கு மனம் இளகாமல் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஹியூபேட்டின் பெயர் பத்திரிகையில் வரவில்லை. அடுத்த வருஷம் அந்த விரிவுரையாளர் ஒரு கட்டுரையில், கொட்டாஞ்சேனை ஹியூபேட் இப்போது சொற்களைக் கடந்த ஒரு நீண்ட பயணத்தில் இருக்கிறார் என்று எழுதினார். ஹியூபேட் அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தார்.

அவள் ஹியூபேட்டுக்கு ஒன்றும் சொல்லாமல் விட்ட அந்த ஆடி மாதம் தலவிலில், கோயிலுக்குப் பின்புறக் கடற்கரையில், கொடியிறக்கத்துக்கு முந்திய நாள் ஐறீன் ஒன்றைக் கண்டாள். கண்டு, மணலில் அப்படியே இருந்துவிட்டாள் என்றும், றோஸி வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை என்றும் பஸ்ஸில் போன சனம் சொல்லும். என்ன கண்டாள் என்று இமெல்டா கேட்டாள், பங்குத் தந்தைகூடக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, "போய்ப் பாருங்க, தெரியும்" என்றாளே தவிர, சாகும் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை.